1966 எம்ஜிபி வண்டியில் ரேடியோ: முதலில் எர்த், அடுத்து ஏரியல், கடைசியில்தான் ரேடியோ

கேள்வி: இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் இருக்கிறேன். 1966ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கியிருக்கிறேன். டாஷ்போர்டில் ரேடியோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூடிதான் இருக்கிறது. வானொலியும் கேட்க வேண்டும், போனிலிருந்து பாட்டும் கேட்க வேண்டும். வண்டி பாசிட்டிவ் எர்த், புது ஸ்டீரியோ போட்டால் புகைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். மட்கார்டில் ஓட்டை போடவும் மனம் வரவில்லை. எந்த ரேடியோ வாங்கலாம்? ஏரியலை எங்கே வைக்கலாம்?

பதில்:

உங்களிடம் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எந்த ரேடியோ என்ற கேள்வியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலோர் முதலில் ரேடியோவை வாங்கிவிடுகிறார்கள், பிறகு அதற்கேற்றபடி வண்டியை வெட்டுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட்டால் வேலையும் குறையும், வண்டியும் பிழைக்கும். முதலில் எர்த் எது என்று முடிவு செய்யுங்கள். அடுத்து ஏரியல். இந்த இரண்டும் முடிந்தால் ரேடியோ தானாகவே முடிவாகிவிடும்.

எர்த்திலிருந்து தொடங்குகிறேன். 1962இல் ஆபிங்டன் தொழிற்சாலையில் தொடங்கி 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் எம்ஜிபி தயாரானது. அதில் 1967 பிற்பகுதி வரை வந்தவை பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் பிணைந்திருக்கும், வயர்களில் ஓடுவது நெகட்டிவ். இரண்டாம் மார்க், அதாவது திருத்திய அடுத்த மாடல் வந்தபோது கம்பெனியே பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டது, எர்த்தையும் நெகட்டிவாக மாற்றியது. உங்களுடையது அதற்கு முந்தையது. ஆனாலும் கேள்விப்பட்டதை நம்ப வேண்டாம். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். பாடிக்குப் போகும் கனமான பட்டை எந்த முனையிலிருந்து கிளம்புகிறது என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. முந்தைய சொந்தக்காரர் யாராவது ஏற்கெனவே மாற்றியிருக்கலாம், அப்படிப்பட்ட வண்டிகள் ஏராளம்.

புது ஸ்டீரியோ ஏன் புகைகிறது? இப்போது வரும் எல்லா செட்டிலும் வெளிப்புறத் தகரப் பெட்டியே நெகட்டிவ். பவர் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். ஆனால் பெட்டி டாஷ்போர்டின் இரும்பைத் தொடும், அந்த இரும்போ பாசிட்டிவ். பெட்டியை ரப்பர் சுற்றி ஒதுக்கி வைத்தாலும் ஏரியல் கேபிளின் வெளிப்பின்னல் ரேடியோவின் பெட்டியையும் மட்கார்டையும் சேர்த்துவிடும். அந்த மெல்லிய பின்னல் வழியாக பேட்டரியே ஷார்ட் ஆகும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் போன் சார்ஜரைச் செருகுவதும் இதே கதைதான். அந்த சாக்கெட்டின் வெளிக்கூடு உங்கள் வண்டியில் பாசிட்டிவ். சாதாரண சார்ஜர் ஒரே செருகலில் போய்விடும்.

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, அந்தக் காலத்து ரேடியோவையே வாங்குவது. ஸ்மித்ஸும் இஎம்ஐயும் சேர்ந்து நடத்திய ரேடியோமொபைல், மோட்டரோலா, பிலிப்ஸ் போன்றவற்றின் 60களின் டிரான்சிஸ்டர் செட்கள் பலவற்றில் பின்புறமோ பக்கவாட்டிலோ எர்த்தை மாற்றும் சின்னப் பிளக் அல்லது சுவிட்ச் இருக்கும். அதைச் சரியான பக்கம் வைத்தால் வண்டியில் எதையும் தொட வேண்டாம். செட்டைப் பொருத்துவதற்கு முன்னால் அந்தப் பிளக்கைப் பார்க்காமல் கரண்ட் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் மன்னிக்கவே மாட்டா.

இரண்டாவது வழி, இடையில் ஒரு டிசி–டிசி கன்வெர்ட்டர். உள்ளே வரும் மின்சாரத்துக்கும் வெளியே போகும் மின்சாரத்துக்கும் நேரடித் தொடர்பே இல்லாத வகை கன்வெர்ட்டராக இருந்தால், அதன் வெளியீட்டு நெகட்டிவை வண்டியின் பாடியில் தாராளமாகக் கட்டலாம். பாடி பேட்டரிக்கு பாசிட்டிவாகவும் ரேடியோவுக்கு நெகட்டிவாகவும் ஒரே நேரத்தில் இருக்கும், ஒன்றோடொன்று மோதாது. கடையில் என்ன சொல்லி விற்றாலும் நீங்களே மல்டிமீட்டர் வைத்துச் சோதியுங்கள். உள்ளீட்டின் இரண்டு முனைகளுக்கும் வெளியீட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவே எந்தத் திசையில் வைத்தாலும் தொடர்பு காட்டக் கூடாது. இதில் ஒரு குறை உண்டு. கன்வெர்ட்டர் உள்ளே விநாடிக்குப் பல்லாயிரம் முறை சுவிட்ச் ஆகிக்கொண்டே இருக்கும், மீடியம் வேவில் அது இரைச்சலாக இறங்கும். ப்ளூடூத் மட்டும் போதும் என்பவர்களுக்கு இது நல்ல வழி, வானொலி ரசிகர்களுக்கு இல்லை.

மூன்றாவது வழி, வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது. உங்களுக்கு வானொலியும் போனும் இரண்டும் வேண்டும் என்பதால் நான் இதைத்தான் சொல்வேன். பழமையைக் கெடுக்கிறோமோ என்று தயங்க வேண்டாம். எதையும் வெட்டாமல் செய்கிற வேலை இது, எப்போது வேண்டுமானாலும் பழையபடி திருப்பிவிடலாம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதி வேலையோடு நிறுத்திவிட்டு ரேடியோவைக் குறை சொல்கிறவர்கள் அதிகம்.

பேட்டரிகளைக் கழற்றித் திருப்பி வையுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனை நெகட்டிவ் முனையைவிடச் சற்றுத் தடிமன், அதனால் பழைய கிளாம்ப்கள் மாறிப் பொருந்தாது. புது கிளாம்ப் தேவைப்படும். அடுத்தது டைனமோ. அதன் இரும்பில் தங்கியிருக்கும் காந்தம் பழைய திசையிலேயே இருக்கும், அதைத் திருப்ப வேண்டும். டைனமோவில் எஃப் என்று குறித்த சின்ன முனையின் வயரைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியின் உயிர் முனையிலிருந்து, அதாவது இப்போது பாசிட்டிவிலிருந்து, ஒரு வயரை எடுத்து அந்த எஃப் முனையில் இரண்டு மூன்று முறை ஒரு நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். வயரைத் திரும்ப மாட்டிவிடலாம். ரெகுலேட்டரிலிருந்து வரும் வயர் எஃப் முனையில் மாட்டியிருக்கும்போதே இதைச் செய்யாதீர்கள்.

பிறகு ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயில். அதன் இரண்டு சின்ன வயர்களையும் இடம் மாற்றுங்கள். ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயர் இப்போது மைனஸ் முனைக்கு வர வேண்டும். மாற்றாவிட்டாலும் இன்ஜின் ஓடும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாக இருக்கும். குளிர்காலத்துக் காலை வேளையில்தான் அது தெரியவரும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ஆர்பிஎம் மீட்டர். உங்கள் வருடத்து வண்டியில் ஸ்மித்ஸ் கம்பெனியின் எலக்ட்ரானிக் மீட்டர் இருக்கும். டயலின் அடியில் ஆர்விஐ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் அதுதான். காயிலுக்குப் போகும் வெள்ளை வயர் அதன் முதுகில் ஒரு வளையமாகச் சுற்றிப் போகும், அந்த மின்னோட்டத்தை வைத்துத்தான் மீட்டர் எண்ணுகிறது. எர்த் மாறினால் உள்ளே பவர் வரும் திசையையும் இந்த வளையத்தின் திசையையும் சேர்த்து மாற்ற வேண்டும். சால்டரிங் தெரிந்தவர்களுக்கு எளிது. தெரியாதவர்கள் மீட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார், விளக்குகள், ஹாரன் எதுவும் எர்த் மாறியதைப் பொருட்படுத்தாது. யாராவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டிருந்தால், பெட்ரோல் பம்பை டயோடு உள்ளதாகவோ எலக்ட்ரானிக் வகையாகவோ மாற்றியிருந்தால், அவை பாசிட்டிவ் எர்த்துக்கென்றே வாங்கியவையாக இருக்கும். அவற்றை மாற்றாமல் பேட்டரியைத் திருப்பாதீர்கள். வேலை முடிந்ததும் பேட்டரி மூடியிலும் பானெட்டுக்கு அடியிலும் ‘நெகட்டிவ் எர்த்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு வழியில் உதவிக்கு வருபவர் வருடத்தைப் பார்த்துவிட்டு ஜம்ப் லீடைத் தலைகீழாக மாட்டிவிடக் கூடாது.

இனி ஏரியல். ரேடியோவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவழியுங்கள், ஏரியல் மோசமென்றால் அது கேட்காது.

எந்த அலைவரிசையைக் கேட்கப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எஃப்எம் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் என்றால் அலைநீளம் 3 மீட்டர், அதில் கால்பங்கு 75 செ.மீ. டிஜிட்டல் வானொலியான டிஏபி இங்கே 220 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி வருகிறது, அதற்கு 33, 34 செ.மீ. கம்பியே போதும். ஆக இந்த இரண்டுக்கும் வண்டியில் பொருந்துகிற அளவிலேயே முழுத்திறன் உள்ள ஏரியல் கிடைத்துவிடும். மீடியம் வேவ் வேறு உலகம். பிபிசி ஃபைவ் லைவ் வரும் 909 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 330 மீட்டர். அதன் முன்னால் உங்கள் ஒரு மீட்டர் கம்பி ஒன்றுமே இல்லை. அது ஒரு சின்னக் கப்பாசிட்டர் போலத்தான் நடந்துகொள்ளும், கிடைக்கும் மின்னழுத்தமும் சொற்பம். கேபிளின் கப்பாசிட்டன்ஸ் அந்தச் சொற்பத்தையும் தின்றுவிடும். அதனால்தான் கார் ஏரியல் கேபிளை வெட்டிப் பார்த்தால் அகலமான குழாய்க்குள் தலைமுடி போல ஒரு மெல்லிய கம்பி மட்டும் ஓடும், மீதி எல்லாம் காற்று. நீளம் போதவில்லையென்று டிவி கேபிளை ஒட்டுப்போட்டால் எஃப்எம் சமாளித்துக்கொள்ளும், மீடியம் வேவ் செத்துவிடும். டிவி கேபிளில் மீட்டருக்கு 50 முதல் 70 பிகோஃபாரட் வரை இருக்கும், கார் கேபிளில் ஏறத்தாழ அதில் பாதிதான். அந்த மெல்லிய கம்பி கேபிளைக் கூர்மையாக மடித்தாலும் அறுந்துவிடும்.

மீடியம் வேவ் இன்னும் தேவையா என்று கேட்கலாம். நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவது உண்மைதான். பிபிசியின் ரேடியோ ஃபோர் தன் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. ஆனால் நீங்கள் இருப்பது கென்ட். 1964இல் கப்பலிலிருந்து உரிமம் இல்லாமல் ஒலிபரப்பத் தொடங்கிய ரேடியோ கரோலின் 2017 முதல் முறையான உரிமத்தோடு 648 கிலோஹெர்ட்ஸில், சஃபோக் கடற்கரையின் ஆர்ஃபோர்ட்னெஸ் முனையிலிருந்து ஒலிபரப்பாகிறது. உங்கள் வண்டி புதிதாக இருந்த காலத்தில் இளைஞர்கள் அதில் திருப்பித் திருப்பித் தேடிய நிலையம் அது. அதே வண்டியில் அதே அலைவரிசை வகையில் அதை இன்றும் கேட்க முடிகிற ஊரில் இருக்கிறீர்கள். எனக்கென்றால் இது ஒன்றுக்காகவே சரியான ஏரியல் போடத் தோன்றும்.

எங்கே வைப்பது? எம்ஜிபியின் பி சீரிஸ் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, காயில் எல்லாமே வலப்பக்கம். ஸ்பார்க் இரைச்சல் பிறக்கும் இடங்கள் அவை. ஆகவே இடது முன் மட்கார்டுதான் ஏரியலுக்கு நல்ல இடம், கேபிளும் குறைந்த நீளத்தில் ரேடியோவை எட்டும். பின்பக்கம் வைத்தால் அழகாக இருக்கும் என்பார்கள். அங்கேயும் இடது பக்கமே பாருங்கள், வலது பின் சக்கரத்துக்கு அருகில் எஸ்யு பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து கேபிள் நீளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஓட்டை போட மனம் வரவில்லை என்கிறீர்கள். நியாயமான மனசு. அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: சக்கரத்தை முழுதாக ஒடித்து வைத்துவிட்டு, டார்ச்சோடு மட்கார்டின் அடிப்பக்கத்தை மேல்நோக்கிப் பாருங்கள். அந்தக் காலத்தில் ரேடியோ கூடுதல் விலைப் பொருள், பெரும்பாலும் டீலரே ஓட்டை போட்டு ஏரியல் மாட்டிக் கொடுத்தார். ரேடியோ மூடி இருக்கும் உங்கள் வண்டியிலும் பிறகு யாராவது அதைக் கழற்றி பட்டி பூசி அடைத்திருக்கலாம். அடியிலிருந்து பார்த்தால் வட்டமாக வெல்டிங் தடமோ, பெயிண்டுக்கு அடியில் பட்டியின் வேறு நிறமோ தெரியும். கையில் சின்னக் காந்தம் இருந்தால் மேலே வைத்து நகர்த்துங்கள், பட்டி இருக்கும் இடத்தில் பிடிமானம் விட்டுப்போகும். அப்படி இருந்தால் உங்கள் தயக்கத்துக்கே இடமில்லை, ஓட்டை ஏற்கெனவே அந்த வண்டியின் வரலாற்றில் இருக்கிறது.

மட்கார்டு புதிதாக மாற்றியதாக இருந்தால், அல்லது ஓட்டையே வேண்டாம் என்று தீர்மானித்தால், பின் பம்பரின் போல்ட்டில் ஓர் இரும்புப் பட்டையை மாட்டி அதில் ஏரியலை நிறுத்தலாம். பட்டைக்கும் பாடிக்கும் நடுவே பெயிண்டும் துருவும் இல்லாமல் சுத்தமான தொடர்பு வேண்டும். எஃப்எம்முக்கு நன்றாகவே வேலை செய்யும், மீடியம் வேவில் உள்ளூர் நிலையம் கிடைக்கும். கண்ணாடியில் ஒட்டுகிற, டாஷுக்கு அடியில் மறைக்கிற ஆம்ப்ளிஃபையர் வைத்த சின்ன ஏரியல்களை நான் இந்த வண்டிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது சிக்னலைப் பெருக்கும்போது பக்கத்திலேயே இருக்கும் காயிலின் இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது.

ஓட்டை போடுவதென்றால் ஒழுங்காகப் போடுங்கள். கதவுக்கு முன்னால், பானெட் விளிம்புக்கு வெளியே, மட்கார்டின் மேல்முகத்தில் இடம் பாருங்கள். பானெட் திறக்கும்போதும் கதவு திறக்கும்போதும் இடிக்கக் கூடாது. மடங்கி உள்ளே இறங்கும் வகை என்றால் கீழே அந்தக் குழாய்க்கு இடம் வேண்டும், சக்கரம் முழுதாக ஒடிந்து ஸ்பிரிங்கும் அமுங்கிய நிலையில் அதில் உரசக் கூடாது. மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, அதன் மேல் புள்ளி குறித்து, முதலில் 3 மி.மீ. டிரில்லால் சின்ன ஓட்டை. அடியிலிருந்து பார்த்து உள்ளே தடுப்பு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு படிப்படியாகப் பெரிதாகும் ஸ்டெப் டிரில். விளிம்பை அரத்தால் தேய்த்து, வெறும் இரும்பு தெரிகிற இடத்தில் பிரைமர் தடவிக் காயவிடுங்கள். இப்போது முக்கியமான இடம்: அடிப்பக்கத்தில், ஏரியலின் பல் வாஷர் உட்காரும் வட்டத்தில் மட்டும் பெயிண்டையும் அடிப்பூச்சையும் பளபளவென்று சுரண்டி எடுங்கள். அந்தப் பற்கள் இரும்பைக் கடித்தால்தான் ஏரியலுக்கு எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கேபிள் பிளக்கின் வெளிவளையத்திலும் இன்னொன்றை இன்ஜினிலும் வைத்துப் பாருங்கள், ஓம் கணக்கில் கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். நடுக் கம்பிக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே எதுவுமே காட்டக் கூடாது. சரியென்று தெரிந்த பிறகு அந்தச் சந்திப்பின் மேல் தாராளமாக மெழுகுப் பூச்சு அடியுங்கள். முன் சக்கரம் வாரி இறைக்கும் சேறும் சாலையில் போடும் உப்பும் நேராக அங்கேதான் வந்து அடிக்கும். இதை விட்டுவிட்டால் சில குளிர்காலங்களில் எர்த் போய் ரேடியோ கரகரக்கும், ஓட்டையைச் சுற்றி மட்கார்டு கொப்புளித்துக்கொண்டு வரும்.

கேபிளை உள்ளே கொண்டுபோகப் புது ஓட்டை தேவைப்படாது. இடது ஸ்டியரிங், வலது ஸ்டியரிங் இரண்டுக்கும் ஒரே தடுப்புச் சுவர் என்பதால் பயன்படாத ஓட்டைகள் அடைத்த நிலையில் இருக்கும். அதில் ஒன்றில் ரப்பர் குரோமெட் (கேபிள் உரசாமல் காக்கும் வளையம்) போட்டு விடுங்கள். பெரிய வயர் கட்டோடு சேர்த்து இழுக்காமல் தனியாகக் கொண்டு செல்லுங்கள்.

ஏரியல் விஷயத்தில் ஒரு கிளைக்கதை. உங்கள் வண்டி இரும்பு என்பது உங்கள் அதிர்ஷ்டம். லோட்டஸ் எலான், செவ்ரோலே கார்வெட் போன்ற ஃபைபர் கிளாஸ் வண்டிகளில் ஏரியலுக்கு அடியில் எர்த்தாக நிற்க இரும்பே கிடையாது, ஸ்பார்க் இரைச்சலைத் தடுக்கவும் ஒன்றுமில்லை. 1953 கார்வெட்டில் ஏரியலைக் கம்பி வலையாக டிக்கி மூடிக்குள்ளேயே புதைத்தார்கள். பிந்தைய கார்வெட்களில் ரேடியோ வேண்டுமென்று வாங்கியவர்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் உலோகக் கவசம் போட்டுக் கொடுத்தார்கள். எலான் வைத்திருப்பவர்கள் மட்கார்டின் அடியில் தாமிரத் தகடு ஒட்டி அதைச் சேசிஸோடு பிணைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது ரேடியோ. தயவுசெய்து டாஷ்போர்டை வெட்டாதீர்கள். புது செட்டின் முகம் 180க்கு 50 மி.மீ., உங்கள் டாஷில் இருக்கும் திறப்பு இரண்டு குமிழும் நடுவே டயலும் உள்ள பழைய செட்டுக்கானது. அதை அரம் போட்டுப் பெரிதாக்கிய இரும்பு டாஷ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்டீரியோ நாலைந்து வருடத்தில் பழையதாகி வெளியே போய்விடும், வெட்டு மட்டும் வண்டி உள்ளவரை இருக்கும்.

என் யோசனை: மீடியம் வேவ், லாங் வேவ் உள்ள பழைய ரேடியோமொபைல் ஒன்றை வாங்குங்கள். அதன் உள்ளே எஃப்எம்மும் ப்ளூடூத்தும் சேர்த்துத் தருகிறவர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். பழைய சர்க்யூட்டை எடுத்துவிடாமல் கூடவே புதியதை வைக்கும்படி கேளுங்கள், இல்லையென்றால் மீடியம் வேவ் போய்விடும். பட்ஜெட் இடிக்கிறதென்றால், ரிப்பேர் செய்த பழைய செட்டை முகப்புக்கு வைத்துக்கொண்டு ஒரு சின்ன ப்ளூடூத் ஆம்ப்ளிஃபையரைத் தனியாகக் கண்ணில் படாத இடத்தில் வைக்கலாம். அதற்கு ஸ்பீக்கரும் தனியாக இருக்கட்டும்.

வாட்ஸ் கணக்கில் ஆசைப்படாதீர்கள். உங்கள் டைனமோ நல்ல வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர், நின்றபடி ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஹெட்லைட் இரண்டும் மட்டுமே 10 ஆம்பியர் இழுக்கும். இக்னிஷன், வைப்பர், ஹீட்டர், மற்ற விளக்குகள் என்று கூட்டினால் மழை பெய்யும் ராத்திரியில் மிச்சம் இரண்டு மூன்று ஆம்பியர்தான். பழைய செட் ஒரு ஆம்பியர் அளவில் முடித்துக்கொள்ளும். பெட்டியில் 200 வாட்ஸ் என்று போட்ட ஆம்ப்ளிஃபையர் சத்தமாகப் பாடும்போது பேட்டரியிலிருந்து கடன் வாங்கித்தான் பாடும்.

கரண்ட் எடுப்பதற்கு, மின்பாகங்கள் செய்த லூக்காஸ் கம்பெனியின் வயர் நிற ஒழுங்கு உங்களுக்கு உதவும். பிரவுன் என்றால் ஃபியூஸ் இல்லாமல் எப்போதும் உயிரோடு இருப்பது, பர்ப்பிள் ஃபியூஸோடு எப்போதும் இருப்பது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை சாவி போட்டு ஃபியூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். உங்கள் வண்டியில் இரண்டே ஃபியூஸ், இரண்டும் 35 ஆம்பியர். அது ரேடியோவைக் காப்பாற்றாது. ரேடியோ வயரில் தனியாக 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள், ஃபியூஸ் வயர் தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நான் பர்ப்பிளிலிருந்து எடுக்கச் சொல்வேன். இந்த வருடத்துச் சாவியில் ரேடியோவுக்கென்று தனி நிலை கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பதற்காக இக்னிஷனைப் போட்டே வைத்திருந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சூடேறிக் கெட்டுவிடும். பர்ப்பிளில் அந்தத் தொல்லை இல்லை, ரேடியோவை அணைக்க மறக்காமல் இருந்தால் போதும்.

ஸ்பீக்கர் பற்றி இரண்டே விஷயம். பழைய செட் என்றால் ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். ஓம் எவ்வளவு என்று லேபிளில் போட்டிருப்பதற்கேற்ற ஸ்பீக்கரையே போடுங்கள். புது ஆம்ப்ளிஃபையர் என்றால் ஸ்பீக்கரின் எந்த வயரும் பாடியைத் தொடக் கூடாது. டாஷுக்குக் கீழே நடுவில் ஸ்பீக்கருக்கென்று இருக்கும் இடம் பழைய செட்டுக்கு. புதியதற்குக் கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டுப் பலகைகளைப் பயன்படுத்துங்கள். கதவில் வைப்பதானால் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு ஆழத்தை அளந்து பாருங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, இன்ஜின் ஓடியதும் ஒரே இரைச்சல் என்றால் கண்டபடி பாகம் வாங்க வேண்டாம். ஏரியல் பிளக்கை ரேடியோவிலிருந்து பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் அது ஏரியல் வழியாக வருகிறது, நிற்காவிட்டால் பவர் வயர் வழியாக வருகிறது. அதற்கு மேல் சத்தமே முகவரி சொல்லும். ஆக்சிலரேட்டருக்கேற்ப டக டக என்று வேகம் கூடினால் ஸ்பார்க். உய்ங் என்று சுருதி ஏறினால் டைனமோ. இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருக்கும்போது டக், டக் என்று வந்து நின்றால் பெட்ரோல் பம்ப். அப்போதே ஒழுங்கான இடைவெளியில் படக் படக் என்று தொடர்ந்தால் பெட்ரோல் மீட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். ஓடும்போது மட்டும் வந்து, பிரேக்கை லேசாக அழுத்தினால் நின்றுபோனால் முன் சக்கரங்களின் நிலைமின்சாரம்.

ஸ்பார்க்குக்கு மருந்து கார்பன் நூல் உள்ள பிளக் வயர். உங்கள் வண்டியில் யாராவது அழகுக்காக வெறும் செப்புக் கம்பி வயர் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். காயிலுக்குக் கரண்ட் வரும் முனையிலிருந்து பாடிக்கு ஒரு 1 மைக்ரோஃபாரட் சப்ரஸர், அதாவது இரைச்சலை அடக்கும் கப்பாசிட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையில் தவறியும் போடாதீர்கள், ஸ்பார்க்கே செத்துவிடும். டைனமோவின் பெரிய முனையில் அதே போல ஒன்று, சின்ன எஃப் முனையில் கூடாது. பம்புக்கு அதன் வயர் முனையிலேயே ஒன்று. சப்ரஸரின் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பானெட் கீல்கள் பெயிண்ட் ஏறி நல்ல எர்த்தாக இருக்காது, பானெட்டிலிருந்து பாடிக்கு ஒரு பின்னல் பட்டை கட்டினால் இன்ஜின் அறை மூடிய பெட்டியாகி இரைச்சல் உள்ளேயே அடங்கும். பலருக்கு இந்தப் பட்டை ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்த்திருக்கிறது.

கடைசி வேலை ஒன்று உண்டு, பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதே இல்லை. பழைய செட்டில் ஏரியல் பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டைக்குள் திருகு தெரியும். அது உங்கள் ஏரியலின் கப்பாசிட்டன்ஸுக்கு செட்டை ஒத்துப்போக வைக்கும் டிரிம்மர். ஏரியலை முழுதாக நீட்டி, வண்டியை வீட்டுச் சுவரிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் தள்ளி வெளியில் நிறுத்துங்கள். மீடியம் வேவில் 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம், டயலில் மீட்டர் கணக்கு என்றால் 214 பக்கம், பலவீனமாகக் கேட்கும் நிலையம் ஒன்றைப் பிடியுங்கள். பலமான நிலையத்தில் வித்தியாசம் காதுக்குத் தெரியாது. சத்தத்தை நன்றாகக் கூட்டி, திருகை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்பி, ஒலி உச்சமாக இருக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். முடிந்தால் பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவர் பயன்படுத்துங்கள், இரும்பு பட்டால் அளவு மாறிக் காட்டும். ஏரியலையோ கேபிளையோ எப்போது மாற்றினாலும் இதை மறுபடி செய்ய வேண்டும். டாஷிலிருந்து கழற்றிய மூடியையும், திருப்பிய மீட்டரின் பழைய வயரிங் எப்படி இருந்தது என்பதற்கான போட்டோக்களையும் வண்டியின் காகிதங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.